கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: பாசியை ஒழிக்க மருந்து வேண்டாம், கணக்கு வேண்டும்!

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். மை நீலத்தில் மின்னும் சின்னஞ்சிறு டாம்செல் மீன். காற்றில் ஆடும் பூவைப் போல விரல்களை அசைக்கும் கடல் சாமந்தி. இவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தவர்கள், "நம் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்தால் என்ன?" என்று ஒரு முறையாவது நினைக்காமல் இருக்க மாட்டார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. மரீன் டிரைவில் 1951-ம் ஆண்டு திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சிசாலை, ஊரிலிருந்து வந்த உறவினர்களை நம்மவர்கள் அழைத்துப் போய்க் காட்டிய இடங்களில் ஒன்று. அதற்கும் முன்பே, 1909-ல், சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை இருந்தது.

இன்று கடல் மீன் தொட்டி காட்சிசாலையோடு நிற்கவில்லை. ஓட்டல் வாசலிலும், பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும், கம்பெனி வரவேற்பறையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவின் தலையிலோ, பியூனின் தலையிலோ வந்து விழும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டிலேயே இரண்டடித் தொட்டி வாங்கி வைத்தவர்களும் உண்டு.

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே நடக்கும். இரண்டாம் மாதம் கண்ணாடியில் பழுப்புத் தூசி படியும். மூன்றாம் மாதம் பாறை முழுவதும் பச்சை முடி முளைத்ததுபோல் பாசி! பிடுங்கினால் மறு வாரமே திரும்ப வரும். கடைக்காரரிடம் கேட்டால் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுப்பார். அதை ஊற்றிய மறுநாள் காலை, பாசி இருக்கிறதோ இல்லையோ, மீன்கள் மிதந்துகொண்டிருக்கும்.

பலர் தொட்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கைகழுவுவது இந்தக் கட்டத்தில்தான். போட்ட பணமும் போயிற்று, உயிர்களும் போயிற்று.

இத்தனைக்கும் பாசியை ஒழிப்பது கடினமான வித்தை அல்ல. பேரேடு எழுதத் தெரிந்த யாருக்கும் அது கைவரும். தொட்டிக்குள் என்ன வரவு, தொட்டியிலிருந்து என்ன செலவு என்று பார்க்க வேண்டும். பாசி என்பது செலவாகாமல் தேங்கிய வரவு!

அரை கிராம் தீனியின் கணக்கு

பாசிக்கு வேண்டியவை மூன்று. வெளிச்சம், நைட்ரஜன் சத்து, பாஸ்பரஸ் சத்து. வயலுக்கு நாம் போடும் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் எதற்கோ, அதற்கேதான். இந்த உரத்தைத் தொட்டிக்குள் போடுவது யார்? நாமேதான், மீன் தீனி என்ற பெயரில்.

100 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினமும் அரை கிராம் உலர் தீனி போடுகிறோம். தீனியில் 45 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக அரை கிராம் தீனியில் 36 மில்லி கிராம் நைட்ரஜன் இருக்கிறது.

மீன் தின்றது கழிவாகிறது; தின்னாதது அழுகுகிறது. இரண்டும் அமோனியாவாக மாறுகின்றன. பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. அமோனியா மீனைக் கொல்லும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் பாசிக்கு அது விருந்து.

அந்த 36 மில்லி கிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 160 மில்லி கிராம் ஆகும். 100 லிட்டரில் அது லிட்டருக்கு 1.6 மில்லி கிராம். ஒரு வாரத்தில் 11 மில்லி கிராம்! பவளப் பாறைகள் உள்ள கடலிலோ நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லி கிராமுக்கும் குறைவு.

"வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேனே?" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 11 சேருகிறது. ஐந்தில் ஒரு பங்கு வெளியே போகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது 11-க்குச் சமமாகும் வரை நைட்ரேட் ஏறிக்கொண்டே போய், 55-ஐத் தொட்டுத்தான் நிற்கும். தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாது என்பது இதனால்தான்.

பாஸ்பேட்டின் கதை இதைவிடக் கடுமை. தீனியில் பாஸ்பரஸ் ஒரு சதவீதம் என்று கொண்டால், அரை கிராம் தீனி 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 0.15 மில்லி கிராம் பாஸ்பேட்டைச் சேர்க்கக்கூடியது. பவளத் தொட்டியில் பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள் இருப்பது நல்லது என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஒரே நாள் தீனி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது!

உண்மையில் அத்தனையும் தண்ணீரில் நிற்பதில்லை. கொஞ்சம் மீனின் உடம்பில் சதையாகிறது. கொஞ்சம் பாறை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சத்தைப் பாசி தின்கிறது.

இங்கே ஒரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. சோதனைப் பெட்டியை வாங்கி வந்து பரிசோதித்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும். கண்ணெதிரே பாசி மண்டிக் கிடக்கும்! சோதனைப் பெட்டி பொய் சொல்லவில்லை. தண்ணீரில் இருந்த உரம் பாசியின் வயிற்றுக்குப் போய்விட்டது. ரொக்கக் கையிருப்பு பூஜ்யம் என்றாலும், கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

குழாய்த் தண்ணீரும் கடற்கரைத் தண்ணீரும்

தீனிக்கு அடுத்த வரவு, தண்ணீர்.

மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது துள்சி, விஹார், தான்சா, வைதர்ணா, பாத்ஸா ஏரிகளின் தண்ணீர். நாம் குடிக்க ஏற்றது. ஆனால் அதில் குளோரின் உண்டு. பாசிக்குப் பிடித்த சிலிகேட்டும் மற்ற உப்புகளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். லாரித் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் இவை இன்னும் கூடுதல்.

தொட்டியிலிருந்து தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பும் அழுக்கும் உள்ளேயே நிற்கும். குறைந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினால், 100 நாளில் 100 லிட்டர் குழாய்த் தண்ணீரின் அழுக்கு முழுவதும் அந்தத் தொட்டிக்குள் சேர்ந்துவிடும்.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் விட வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டுச் சமையலறை ஆர்.ஓ. எந்திரங்கள் பலவற்றில், குடிநீர் சுவையாக இருப்பதற்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே மீண்டும் கலக்கும் ஏற்பாடு இருக்கும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் 30, 50 என்று காட்டும். குடிக்கச் சரி, கடல் தொட்டிக்குச் சரியல்ல. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. எனப்படும் பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்படி செய்துகொள்ள வேண்டும்.

"பக்கத்திலேயே கடல் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம்?" என்று சிலர் குடத்தோடு கிளம்புவதுண்டு. மும்பைக் கரையோரக் கடலில் நகரத்தின் சாக்கடை கலக்கிறது. மழைக் காலத்தில் உப்பும் நீர்த்துப்போகும். அதைத் தொட்டியில் ஊற்றுவது உர மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதற்குச் சமம்.

பூஜ்யத் தண்ணீரில், கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரைப்பதே வழி. சமையல் உப்போ கல் உப்போ உதவாது. கடல் நீரில் சோடியம் குளோரைடு தவிர மக்னீசியம், கால்சியம் போன்ற பலவும் அளவோடு இருக்கின்றன. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25-லிருந்து 27 டிகிரி சென்டிகிரேட். இந்த மூன்றும் நிலையாக இருக்க வேண்டும்.

எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. ஆளை அடையாளம் கண்ட பிறகே கையை வைக்க வேண்டும்.

பழுப்புத் தூசிப் பாசி: புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் படியும். டயாட்டம் என்று பெயர். சிலிகேட்டைக் கொண்டு கூடு கட்டும் நுண்ணுயிர். பயப்பட வேண்டாம். தண்ணீரில் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே போய்விடும்.

கூந்தல் பாசி: கடைக்காரர்கள் 'ஹேர் ஆல்கே' என்பார்கள். பச்சை முடியாக வளரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்ததன் நேரடி விளைவு. முக்கால்வாசிப் பேரைத் தொட்டியை விற்க வைப்பது இதுதான்.

சிவப்புச் சளி: மணல் மீது வெல்வெட் துணி விரித்ததுபோல் படரும். விரலால் தொட்டால் ஏடு ஏடாகக் கிளம்பும். உண்மையில் இது பாசியே அல்ல; சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாமல் குப்பை தேங்கும் மூலைகளில் முதலில் தோன்றும்.

குமிழிப் பாசி: பச்சைக் கண்ணாடி மணிபோல் பாறை இடுக்கில் உருளும். பார்க்க அழகு! உடைக்காமல் முழுசாகப் பெயர்த்தெடுத்து வெளியே போடுங்கள்.

டைனோ: பழுப்பு நிறச் சளி நூல், நுனியில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். விளக்கை அணைத்தால் இரவில் குறையும், காலையில் மறுபடி வரும். இதன் சில வகைகள் நத்தைகளைக் கொல்லும் நஞ்சுள்ளவை.

இந்த டைனோ விஷயத்தில் கணக்கு தலைகீழ். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகும்போதுதான் இது பெரும்பாலும் தலைதூக்கும்! மற்ற பாசிகளும் நல்ல பாக்டீரியாக்களும் பட்டினியால் ஒடுங்கியதும், காலி மனையில் குடியேறுகிறது. ஆகவே கூந்தல் பாசியை விரட்டுகிறேன் என்று தண்ணீரைத் துடைத்து வைப்பதும் தவறு. டைனோ வந்துவிட்டால், அடிக்கடி தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட்டு, தீனியைச் சற்றுக் கூட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனையில் தெரியும் அளவுக்கு ஏறவிட வேண்டும்.

ஒரு நண்பனும் இருக்கிறான். பாறை மீது ஊதாவும் ரோஜாவுமாகக் கெட்டியாகப் பூசினாற்போல் படரும் சுண்ணப் பாசி. தொட்டி நலமாக இருப்பதற்கு அது அத்தாட்சி. கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டலாம். பாறையில் இருப்பதைத் தொடாதீர்கள்.

கைவேலைதான் முதல் வேலை

மருந்துக் கடைக்குப் போகும் முன் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடுவதுதான் முதல் செலவுக் கணக்கு. ஒரு பிடி பாசியோடு, அது தின்று வைத்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன.

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர், மோட்டார், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பொல்லாத ஜோடி!

தளர்ந்த பாசியைப் பிடுங்கும்போதே ரப்பர் குழாயால் வாளிக்கு உறிஞ்சி எடுங்கள். தூள் தூளாக மிதக்க விட்டால் போன இடமெல்லாம் முளைக்கும். பாசி அப்பிய பாறையைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. பாறையில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும்; பிறகு அமோனியா ஏறி மீனையும் கொல்லும்.

இதை ஒரே நாளில் முடித்துவிட நினைக்காதீர்கள். வாரம் கால் பங்கு பாறை போதும்.

அடுத்தது தீனி. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும். பனிக்கட்டியில் உறைந்த இறாலையும் ஆர்ட்டீமியாவையும் அப்படியே போடாமல், உருக வைத்து வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். அலுவலகத் தொட்டியில் இன்னொரு சங்கடம். போவோர் வருவோரெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போடுவார்கள். "தீனி போடாதீர்கள்" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, டப்பாவை உங்கள் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்டரில் உள்ள பஞ்சையும் துணிப் பையையும் மூன்று, நான்கு நாட்களுக்கு ஒரு முறை கழுவ வேண்டும். பஞ்சு அழுக்கைப் பிடித்து வைக்கிறதே தவிர வெளியே எறிவதில்லை. கழுவாத பஞ்சு தொட்டிக்குள்ளேயே இருக்கும் குப்பைத் தொட்டி!

நுரை சொல்லும் பாடம்

அலை உடையும் கரையில் மஞ்சள் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் நீரில் கரைந்த புரதமும் கொழுப்பும் காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வருவதால் உண்டாகும் நுரை அது. இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான் ஸ்கிம்மர் என்ற சாதனம். ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய குமிழிகளை எழுப்பி, அழுக்கு நுரையை மேலே உள்ள கிண்ணத்தில் ஒதுக்குகிறது. கழிவு அழுகி நைட்ரேட்டாக மாறும் முன்பே வெளியே போய்விடும். கிண்ணத்தில் சேரும் நாற்றமடிக்கும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால், இத்தனை அழுக்கா உள்ளே இருந்தது என்று திகைப்பீர்கள்.

இன்னொரு வழி, முள்ளை முள்ளால் எடுப்பது. பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறு தொட்டி. அதில் 'கீட்டோ' எனப்படும் சிக்குப் பிடித்த நூல் கண்டு போன்ற கடல் பாசியை வளர்ப்பார்கள். மேல் தொட்டியில் விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரத்தில் கீழே விளக்கு எரியும். உரத்தைக் கீழே உள்ள பாசி தின்றுவிட, மேலே உள்ள பாசிக்குப் பட்டினி! இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீட்டோவில் பாதியை அறுத்து எறிய வேண்டும். அறுவடை செய்யாவிட்டால் அது செலவுக் கணக்கில் சேராது.

வெளிச்சத்துக்கும் கணக்கு வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். ஒரு டைமர் பொருத்திவிடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

நத்தைக்கு வயது 170-க்கு மேல்

பாசி தின்னும் பிராணிகளை விடுவது புதிய யோசனை அல்ல. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1850 வாக்கில், மீனும் நீர்ச் செடியும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றையொன்று வாழ வைக்குமா என்று சோதித்தார். செடியின் இலைகள் அழுகிப் பச்சை வழுக்கல் படிந்தது. அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். தண்ணீர் தெளிந்தது! அது நன்னீர்ப் பாத்திரம். ஆனால் அதே பாடம் கடல் தொட்டிக்கும் பொருந்துகிறது.

டர்போ நத்தை, ட்ரோகஸ் நத்தை, சங்கு சுமக்கும் துறவி நண்டு ஆகியவை பாறையை மேய்ந்து சுத்தம் செய்யும். பாசி தின்னும் பிளென்னி மீனும் நல்ல வேலையாள். சர்ஜன் மீன் பாசியை வெளுத்து வாங்கும். ஆனால் அது நீந்த நான்கடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது பாவம்.

ஒன்றை மறக்கக் கூடாது. நத்தை தின்ற பாசி மாயமாகிவிடுவதில்லை. கழிவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றினோமே தவிர, வெளியே போகவில்லை. ஸ்கிம்மரும் தண்ணீர் மாற்றமும் கூடவே இருந்தால்தான் நத்தையின் உழைப்பு பலன் தரும்.

கடலிலும் இதே கதைதான்

மேய்கிற பிராணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலே ஒரு முறை காட்டியது.

1983 ஜனவரியில், பனாமா நாட்டின் கரையோரத்தில் டயடிமா என்ற நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. பாறைகளில் பாசியை மேய்ந்து வந்தவை அவை. சுமார் ஓராண்டில் அந்த நோய் கரீபியன் கடல் முழுவதும் பரவியது. பெரும்பாலான இடங்களில் நூற்றுக்கு 90-க்கு மேல் செத்தன.

ஜமைக்கா தீவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கனவே அதிகமாகப் பிடித்துவிட்டிருந்தார்கள். 1980-ல் அடித்த ஆலன் புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது. மேய்வதற்கு மிஞ்சியிருந்த முள்ளெலியும் போனதும் பாசி பாய் விரித்தது. 1970-களின் இறுதியில் அங்கே கடலடிப் பாறையில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. ஒரு பெருங்கடலுக்கே இந்தக் கதி என்றால், நம் இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்?

மருந்து ஊற்றும் முன்...

கடைகளில் விற்கும் பாசிக் கொல்லிகள் பல வகை. செம்பு கலந்த மருந்து பாசியைக் கொல்லும். நத்தை, இறால், நண்டு, பவளம் எல்லாவற்றையும் சேர்த்தே கொல்லும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல வெளியே விடும். நன்னீர்த் தொட்டி மருந்தைக் கடல் தொட்டியில் ஊற்றவே கூடாது.

சிவப்புச் சளிக்கு எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து விடுபவர்கள் உண்டு. சளி போகும். அதுவும் பாக்டீரியா, மீனைக் காக்கும் பாக்டீரியாவும் பாக்டீரியா. இரண்டும் அடிபடும் ஆபத்து உண்டு. அதைவிட மூலைக்குத் தண்ணீர் ஓட்டம் போகும்படி மோட்டாரைத் திருப்பி வைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் விளக்கை அணைத்து வைத்துப் பார்ப்பது நல்லது.

மருந்தோ இருட்டோ, எதனால் செத்தாலும் செத்த பாசி அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயுவை இழுத்துக்கொள்ளும். மருந்து ஊற்றிய மறுநாள் காலை மீன்கள் மிதப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. பாசி சாகிற நாட்களில் காற்று மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். செத்ததை உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பாஸ்பேட்டை உறிஞ்ச இரும்பு ஆக்சைடு குருணை கிடைக்கிறது. பயனுள்ளது. ஆனால் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். பாஸ்பேட் திடீரென்று இறங்கினால் பவளத்துக்கு ஆகாது. பாறை உறிஞ்சி வைத்திருந்த பாஸ்பேட் மெல்ல மெல்லத் திரும்பி வருவதால், பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

பிடுங்கியதை எங்கே போடுவது?

சாக்கடையிலோ கடலிலோ மட்டும் போடாதீர்கள்!

1984-ல் மொனாக்கோ நாட்டின் கடல் ஆராய்ச்சிக் காட்சிசாலைக்குக் கீழே, மத்தியத் தரைக்கடலில் 'காலெர்பா' என்ற அலங்காரப் பாசி சிறு திட்டாகக் காணப்பட்டது. மீன் தொட்டிகளில் வளர்த்து வந்த ரகம் அது. பிறகு பல நாடுகளின் கரையோரம் படர்ந்துவிட்டது. 2000-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் ஓர் உப்பங்கழியில் தலைகாட்டியது. தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகள் போராடி, 2006-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

அயல்நாட்டுப் பாசியின் தொல்லை நம் ஊருக்கும் தெரியும். தமிழகக் கரையில் தொழிலுக்காக வளர்க்கப்பட்ட 'கப்பாபைகஸ்' என்ற பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களின் மீது படர்ந்திருப்பதை 2000-களில் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

ஆகவே பிடுங்கிய பாசியை வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள்.

கடலிலிருந்து எடுத்து வருவதிலும் எச்சரிக்கை தேவை. 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அடங்கிய பகுதி 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. ஊருக்குப் போனபோது ராமேசுவரம் பக்கம் ஒரு பவளக் கல் எடுத்து வந்தேன் என்பது சட்டப்படி குற்றம். தொட்டிக்குச் செயற்கைப் பாறையே போதும். நல்ல பாக்டீரியா அதிலும் குடியேறும்.

மீன் வாங்கும்போதும் கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கிறார்கள். வளர்த்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. உலர் தீனியும் தின்னும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இத்தனையும் நினைவில் நிற்குமா என்று மலைக்க வேண்டாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். இடது பக்கம் வரவு: இன்று எவ்வளவு தீனி, எவ்வளவு தண்ணீர் விட்டேன், விளக்கு எத்தனை மணி நேரம். வலது பக்கம் செலவு: எவ்வளவு தண்ணீர் மாற்றினேன், எவ்வளவு பாசி பிடுங்கினேன், கிண்ணத்தைக் கழுவினேனா, பஞ்சை அலசினேனா. ஞாயிற்றுக்கிழமை தோறும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பார்த்து அடியில் எழுதுங்கள்.

நான்கு வாரம் எழுதினால் எங்கே கணக்கு இடிக்கிறது என்று நோட்டே சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

பாசி ஒரே வாரத்தில் வந்ததல்ல. ஒரே வாரத்தில் போகவும் போகாது. இரண்டு, மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டு ஊற்றுகிற பாட்டிலைவிட, பொறுமையாக எழுதுகிற பேனா மீன்களுக்கு நல்லது. மாதச் சம்பளத்தில் வரவு அறிந்து செலவு செய்து, மும்பையில் வீட்டு வாடகை கொடுத்து, ஊருக்கும் மணியார்டர் அனுப்பிக் குடும்பம் நடத்தியவர்கள் நம்மவர்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் 100 லிட்டர் கடல் ஒரு பெரிய காரியமா, என்ன?